நான் உள்ளே போகாத நாற்பது நிமிஷம்

நிரோஜினி உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக் கதவு தானாகவே மூடிக்கொண்டது, அவளுடைய நீல ஜாக்கெட் ஒரு கணம் வெளிச்சத்தில் தெரிந்து, இடது பக்கம் திரும்பி மறைந்துவிட்டது. இடது பக்கம்தான், சரி, இரண்டாவது அறை, கதவில் ஹில்டூர் என்று பெயர் போட்டிருக்கும், தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பலமாகத் தட்டினாளோ தெரியாது. ஹில்டூருக்கு ஒரு காது மந்தம், மெல்லத் தட்டினால் கேட்காது, இதைச் சொல்ல மறந்துபோனேன். எவ்வளவு சொன்னேன், இதைச் சொல்லவில்லை. இறங்கிப் போய்ச் சொல்லலாமா? வேண்டாம். நான் வரக்கூடாது என்று, இந்தக் குடும்பத்தின் கோப்பைப் பார்க்கிற ஹில்டூர் போன கிழமை தொலைபேசியில் சொல்லிவிட்டாள். "மலர், இந்த முறை நிரோஜினி தனியாக வரட்டும். இரண்டு வருஷம் நீ அவளுக்காகப் பேசிவிட்டாய்." நோர்வேக்காரர் மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பேசிவிட்டாயாம். நான் பேசாவிட்டால் யார் பேசியிருப்பார்கள்? இந்தக் கொம்யூன் அலுவலகம் தொடங்கிய காலத்தில் தமிழர் யாராவது வந்தால் என்னைத்தான் மீன் பக்டரியிலிருந்து கூப்பிடுவார்கள், கையில் செதிலோடு ஓடி வருவேன். பிறகுதான் சம்பளம் போட்டு வேலையாகவே தந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் துணை. அதுதான் என் வேலை. ஊரில் பிரதேச சபை என்று சொல்வோமே, அதுதான் இங்கே கொம்யூன், அதில் ஒரு மேசை, ஒரு கதிரை, கதவில் தவமலர் என்று முழுப் பெயர். அந்தக் கதிரை இப்போது உள்ளே சும்மா இருக்கிறது, நான் வாசலில் காருக்குள் இருக்கிறேன். மணி பத்து இருபது. காலை பத்து இருபது என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். வானத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கறுப்பு. இன்னும் அரை மணியில் கொஞ்சம் நீலம் வரும், ஒரு மணிக்கு முதல் அதுவும் போய்விடும். சூரியன் நவம்பர் கடைசியில் போனது, இனி ஜனவரி பாதியில்தான். முப்பத்துநாலு தரம் பார்த்துவிட்டேன், முப்பத்துநாலு தரமும் பழகிவிட்டது என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். பழகவில்லை. பொய். ஒரு தரமும் பழகவில்லை.

இருக்கிறோம் என்று அவள் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். அகதியாக வந்த குடும்பத்துக்குக் கொம்யூன் இரண்டு வருஷம் வீடும் மொழி வகுப்பும் தரும், இரண்டு வருஷம் முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்கும், இங்கேயே இருக்கப்போகிறீர்களா, தெற்கே போகப்போகிறீர்களா என்று. இருக்கிறோம் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மஞ்சள் வீட்டைத் தருவார்கள், நான் சண்டை பிடித்து வாங்கிய வீடு, கடல் காற்று நேரே அடிக்காது, சமைக்கிற குசினி பெரிது. அவளுடைய மனிசன் சுபேந்திரனுக்கு இன்றைக்குப் பக்டரியில் காலை வேலை, விட்டுவிட்டு வர முடியாது, ஒருவர் வந்து சொன்னால் போதும் என்று ஹில்டூரும் சொன்னாள். நேற்றுப் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போய் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். நாங்கள் இங்கேயே இருக்க விரும்புகிறோம். நோர்வேஜிய மொழியில் ஐந்தாறு சொல்தான். நாலு தரம் சொல்லவைத்தேன். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல. "சரியா சொல்லிட்டீர், இவ்வளவுதான், ஒண்டுக்கும் யோசிக்காதையும்" என்றேன். சரி அக்கா என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி அக்கா. இரண்டு வருஷமாக வேறு என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், வருகுதில்லை. இல்லை, சொல்லியிருக்கிறாள், ஒன்று சொல்லியிருக்கிறாள், அதை இப்போது நினைக்கக்கூடாது. ஹீட்டரைக் கூட்டுகிறேன். கண்ணாடி புகாராகிறது, கையால் துடைக்கிறேன், கதவு தெரிய வேண்டும். ஒருகாலத்தில் இந்த ஊரில் முப்பது தமிழ் வீடு. ஒருவருக்கும் இப்போது நம்பிக்கை வராது. பொங்கலுக்குப் பக்டரியின் சாப்பாட்டு அறையைத் திறந்துவிடுவார்கள், பானைக்குச் சூரியன் எங்கே என்று தேடினால் சூரியனே இல்லை, கிழக்கு எந்தப் பக்கம் என்று சண்டை, கடைசியில் மீன் இறக்குகிற கிரேனின் லைட்டைப் பார்த்துப் படைத்துவிட்டுச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. பிறகு ஒவ்வொரு ஜூனிலும் ஒரு வீடு. பள்ளிக்கூடம் முடிகிற கிழமை வான் வண்டியில் சாமான் ஏற்றுவார்கள், ஒஸ்லோவுக்கு, பேர்கனுக்கு, இலண்டனுக்குக்கூட. போகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றை எனக்குத் தந்துவிட்டுப் போனார்கள், என் நிலவறையில் பதினொரு ரைஸ் குக்கர் இருக்கிறது, ஒரு தையல் மெசின், மூடி இல்லாத இடியப்ப உரல். பதினொரு ரைஸ் குக்கரில் சமைத்தால் ஊருக்கே சோறு போடலாம், சாப்பிடத்தான் ஆளில்லை. முப்பது பதினேழாகி, ஒன்பதாகி, நாலாகி, இப்போது இரண்டு. நான் ஒன்று, நிரோஜினி ஒன்று. அவள் உள்ளே போய் அந்த ஐந்தாறு சொல்லைச் சொல்லாமல் விட்டால் ஒன்று. குளியலறையில் வழுக்கி விழுந்தால் எத்தனை நாளில் கண்டுபிடிப்பார்கள் என்று போன கிழமை கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை விழுந்தால் செவ்வாய் வேலைக்குப் போகாததை ஹில்டூர் கவனிப்பாள். வெள்ளி பின்னேரம் விழுந்தால் மூன்று நாள். இப்படியெல்லாம் யோசிக்கிறது ஒரு சீவியமா?

பத்து முப்பத்தொன்று. ஒருவேளை முடித்துவிட்டாளோ, இல்லை, ஹில்டூர் முதலில் கோப்பி தருவாள், கோப்பி இல்லாமல் இவர்கள் ஒரு கதையும் தொடங்குவதில்லை. நிரோஜினி கோப்பி குடிக்கமாட்டாள். வேண்டாம் என்று சொல்லவும் மாட்டாள். நான் இருந்தால், அவவுக்குத் தேத்தண்ணி, பால் கொஞ்சம், சீனி இரண்டு என்று சொல்லியிருப்பேன், எங்கே போனாலும் அதை நான்தான் சொல்வேன். வந்த முதல் நாளே அப்படித்தான். விமான நிலையத்துக்கு நான்தான் போனேன், தூக்குச் சட்டியில் புட்டும் மீன் குழம்பும், பிள்ளைக்குப் பால்சோறும் கொண்டுபோனேன். பெட்டியைத் தூக்கவிடவில்லை. கடுதாசிகள் எல்லாவற்றையும் வாங்கி என்னுடைய பிளாஸ்டிக் பைலில் வைத்தேன். இனி ஒண்டுக்கும் யோசிக்காதையும், நான் இருக்கிறன். வீட்டுக்கு வந்தவர்களைத் தட்டுக் கழுவ விடுவோமா, தண்ணீர் எடுத்துக் குடியுங்கோ என்று சொல்வோமா, அப்படித்தான் நான் வளர்ந்தேன், அப்படித்தான் எல்லாரையும் பார்த்தேன். பிள்ளை மிதுராவைப் பாலர் பள்ளியில் சேர்த்தது நான். பல் மருத்துவரிடம் கொண்டுபோனது நான். தடித்த சப்பாத்து வாங்கினது நான், மொழி வகுப்பில்கூடப் பக்கத்துக் கதிரையில் நான், ரீச்சர் கேள்வி கேட்டால் அவள் என்னைப் பார்ப்பாள், நான் மெல்லச் சொல்வேன், அவள் உதட்டை அசைப்பாள். ரீச்சருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனாலும் பாவம் பிள்ளை வெட்கப்படுகுதே என்று நான் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி போர்கில் ஒருநாள் கதவைத் தட்டினாள், முதல் குளிர்காலம், கையில் தானே பின்னிய சின்னக் கையுறை, சிவப்பு, பிள்ளைக்கு. கதவைத் திறந்தது நான். நன்றி சொன்னது நான். நிரோஜினி எனக்குப் பின்னால் குசினி வாசலில் நின்றாள், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு அடி முன்னுக்கு வைத்தாள், எனக்கு இப்போது நன்றாக நினைவிருக்கிறது, முன்னுக்கு வந்தாள். நான் போர்கிலிடம், அவ கொஞ்சம் கூச்சக்காரி, மொழி இன்னும் வராது, பிறகு நான் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன், குளிர் உள்ளே வருகிறதென்று. போர்கில் பிறகு வரவில்லை. இந்தச் சனங்கள் ஒரு தரம்தான் தட்டுவார்கள், மறுபடி நாங்கள்தான் போய்த் தட்ட வேண்டும். எனக்குத் தெரியும். முப்பத்துநாலு வருஷமாகத் தெரியும். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை, நேரம் வரவில்லை. போன ஐப்பசியில் போர்கிலை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அந்த வீட்டில் இப்போது லைட் இல்லை.

கடையில் நடந்தது வேறு. அதை ஏன் இப்போது நினைக்கிறேன்? போன மாதம், பால் பெட்டியையும் உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றோம், காசாளர் பெட்டை நிரோஜினியைப் பார்த்துப் பை வேணுமா என்று கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். அதே நேரம் நிரோஜினியும் ஏதோ சொன்னாள். நோர்வேஜிய மொழியில். ஒரு முழு வசனம். என் குரல் பெரிது, அவளுடையது அடிபட்டுப் போனது, பெட்டை என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டாள். வெளியே வந்து, என்ன சொன்னனீர் என்று கேட்டேன். ஒண்டுமில்லை அக்கா என்றாள். நானும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேனா? மூன்று நாள் அது மனதில் கிடந்து அரித்தது, சந்தோஷப்பட வேண்டிய விஷயம், என் வேலையே அதுதான், அவர்கள் பேச வேண்டும், தாங்களாகவே கடைக்குப் போக வேண்டும், என் தேவை இல்லாமல் போக வேண்டும், வேலைப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது. சொல்லிவிடுகிறேன், இங்கே யாரும் கேட்கவில்லை, காருக்குள் நான் மட்டும்தான், எனக்குப் பயம் வந்தது. மகன் ஒஸ்லோவில் இருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுக்கிறான், "அம்மா, அங்க என்னத்துக்குக் கிடக்கிறியள், இஞ்ச வாங்கோ, அறை இருக்கு." இங்கே சனத்துக்கு நான் தேவை என்று சொல்வேன். என் மனிசன் போய் ஆறு வருஷம், அவருடைய சாம்பலை இந்தக் கடலில்தான் கரைத்தது, அதையும் ஒரு காரணமாகச் சொல்வேன், ஆனால் அது காரணமில்லை, சாம்பல் கடலில் எங்கேயும் போகும். ஒஸ்லோவில் ஆயிரக்கணக்கில் தமிழர், அங்கே யாருக்கு நான் கடுதாசி வாசித்துக் காட்ட வேண்டும்? அங்கே நான் ஒரு மாமியார், சின்ன அறை, தொலைக்காட்சி. இங்கே நான் தவமலர். ஊருக்கே தெரியும். அதற்காகவா இத்தனை குடும்பத்தை இருங்கோ இருங்கோ என்று பிடித்து வைத்தேன்? இருங்கோ, இங்க காற்று நல்லது, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, கள்ளர் இல்லை, கதவைப் பூட்டவே தேவையில்லை. எல்லாம் உண்மை. எல்லாம் உண்மை, ஆனால் அதை நான் சொன்னது அவர்களுக்காகவா?

வானம் கொஞ்சம் நீலமாகிறது. மலைப்பாதையைப் பின்னேரம் மூடப்போகிறார்கள் என்று ரேடியோவில் சொல்கிறான், காற்று, திறந்தாலும் பனி தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போகலாம். பத்து நாற்பத்தாறு. இவ்வளவு நேரம் என்ன கதைக்கிறார்கள்? ஐந்தாறு சொல். அழுகிறாளோ. அழுதால் ஹில்டூர் கோப்பில் எழுதுவாள். எழுதட்டுமே. இல்லை, எழுதக்கூடாது. அதுதான், அதைத்தான் நினைக்கக்கூடாது என்று இருந்தேன், வந்துவிட்டது, எந்தப் பக்கம் போனாலும் அங்கேயே வந்து முட்டுகிறேன். போன தை மாதம். டொக்டரின் அறை. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்று சுபேந்திரன் சொல்ல நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் நல்ல மனிசன், இளம் பெடியன், கதிரையைத் திருப்பி அவளை நேரே பார்த்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். நிரோஜினி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அக்கா, விடியிறதே எனக்குப் பயமாக்கிடக்கு. விடியாமலே கிடக்கிறதும் பயமாக்கிடக்கு. பிள்ளை அழுதா கேக்குது, ஆனா எழும்ப ஏலாமக் கிடக்கு. நான் இல்லாட்டிப் பிள்ளைக்கு நல்லம் எண்டு நினைக்கிறன்." இதை அப்படியே டொக்டரின் மொழியில் சொல்ல வேண்டும். சத்தியம் செய்து வாங்கிய வேலை அது, சொன்னதைச் சொன்னபடி. என் வாய் திறந்தது. பிள்ளை அழ எழும்பவில்லை என்று சொன்னால் இவன் எழுதுவான், எழுதினால் பிள்ளைகள் நல அலுவலகத்துக்குப் போகும், போனால் பிள்ளையை எடுத்துவிடுவார்கள், எங்கட சனம் எல்லாருக்கும் உள்ள பயம் அது, இரவில் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வளர்த்த பயம். நான் சொன்னேன், அவளுக்குச் சரியாக நித்திரை வருகுதில்லை, இருட்டு இன்னும் பழகவில்லை. டொக்டர் கொஞ்ச நேரம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் இவ்வளவு நீளமாகச் சொன்னாளே என்றான். ஊரைப் பற்றியும் சொன்னாள் என்றேன். விற்றமின் டி மாத்திரை எழுதித் தந்தான், சூரியனுக்குப் பதிலாக ஒரு விளக்கும், காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் இருக்கச் சொல்லி. வெளியே வந்து, ஒண்டுக்கும் யோசிக்காதையும், எல்லாம் சொல்லிட்டன் என்றேன். சரி அக்கா என்றாள். அவளுக்கு விளங்கியிருக்குமா? அப்போது அவ்வளவு மொழி தெரியாது. தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் எப்படி என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பாள்? பிறகு ஒருநாளும் அவள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைக் குணமானது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருஷமாக ஒவ்வொரு காலையும் அவளுடைய ஜன்னலில் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். எரியாத நாளில் தொலைபேசி எடுப்பேன், என்ன சமையல் என்று கேட்பேன். என்ன சமையல்! அதைத்தான் கேட்டேன். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பதற்குப் பதிலாக ஒரு வருஷம் நான் கேட்டது அது. போய் இப்போதே சொல்லிவிட வேண்டும், ஹில்டூரிடம், அந்த டொக்டரிடம், நான் பொய் சொன்னேன் என்று. கதவுப் பிடியில் கை வைக்கிறேன். போனால் மறுபடி நான்தான் பேசுகிறேன் என்றாகும். கையை எடுக்கிறேன். எதைச் செய்தாலும் பிழையாகிற இடத்துக்கு வந்துவிட்டேன், இங்கே வர எனக்கு முப்பத்துநாலு வருஷம் பிடித்தது.

பதினொரு மணி. கதவு திறக்கிறது. தொப்பி போடவில்லை, ஜாக்கெட்டின் சிப்பையும் இழுக்கவில்லை, இந்தக் குளிரில், சிப்பைப் போடும் என்று கத்த வாய் வருகிறது. ஓடி வருகிறாள். நிரோஜினி ஓடி நான் பார்த்ததில்லை. காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள், மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் சிவந்துபோய், அழுதிருக்கிறாள், ஆனால் சிரிக்கிறாள்.

"அக்கா, நானே கதைச்சன். எல்லாம் நானே கதைச்சன்."

"சொல்லித் தந்ததைச் சொன்னனீரோ?"

"சொல்லத்தான் போனனான்" என்றாள். "அவ கோப்பி வேணுமோ எண்டா, நான் வேண்டாம் எண்டன். பிறகு அவ கேட்டா அக்கா, உனக்கு என்ன விருப்பம் எண்டு. இவருக்கு என்ன விருப்பம் எண்டு கேக்கேல்லை, உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன விருப்பம் எண்டும் கேக்கேல்லை. எனக்கு. நான் பேசாம இருந்தன். அவவும் பேசாம இருந்தா. மலரக்கா என்ன சொன்னவ எண்டு கேக்காம அப்பிடியே பாத்துக்கொண்டு இருந்தா. பிறகு வந்திட்டுது அக்கா. நிக்கவேயில்லை."

"என்ன வந்தது?"

"போறம் எண்டு சொல்லிட்டன். மார்ச்சில. தெற்க, துரொன்ஹைமில இவற்ற சிநேகிதர் ஒராள் இருக்கிறார். இஞ்ச இன்னொரு இருட்டு என்னால ஏலாது எண்டன். போன தை மாசம் எனக்கு எப்பிடி இருந்தது எண்டும் சொன்னன். அவ எழுதேல்லை. பேனையைக் கீழ வச்சிட்டு என்ர கையைப் பிடிச்சா. வெள்ளிக்கிழமை டொக்டரிட்டத் தானே கூட்டிக்கொண்டு போறாவாம்." மூக்கைக் கையால் துடைத்தாள். "நான் நல்லாக் கதைக்கிறனாம் அக்கா. இவ்வளவு நாளும் ஏன் கதைக்கேல்லை எண்டு கேட்டா."

நான் அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. சந்தோஷம் என்றேன். வாயால் சொன்னேன். அவள் உயிரோடு இருக்கப்போகிறாள் என்ற நிம்மதியும் நான் தனித்துப்போனேன் என்ற பயங்கரமும் ஒரே நேரத்தில் வந்தன, எது பெரிது என்று கேட்டால் வெட்கக்கேடு, இரண்டாவதுதான். முப்பத்துநாலு வருஷத்தில் இந்த ஊரில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சே என்னை விட்டுவிட்டுப் போவதைப் பற்றித்தானா என்று யோசித்தேன், பிறகு முப்பத்துநாலு என்னுடையது, அவளுடையது இரண்டு என்று திருத்திக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்ததில்லை.

"அக்கா" என்றாள், மெதுவாக. "நாங்கள் போனா நீங்கள் என்ன செய்வியள்? உங்களுக்கு என்ன விருப்பம்?"

உடனே பதில் சொல்லி எனக்குப் பழக்கம். யாருக்காக என்றாலும் எந்த அறையில் என்றாலும் என் வாயில் பதில் இருக்கும். திறந்தேன். தமிழில் தேடினேன், வரவில்லை. மற்ற மொழியில் தேடினேன், அதிலும் வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை, ஹில்டூர் அவளுக்காகக் காத்திருந்ததுபோலவே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், மடியில் கை வைத்து, கண்ணை எடுக்காமல். ஹீட்டர் இரைந்தது. அதை அணைத்துவிட்டு நானும் அவளைப் பார்த்தேன்.